துரித உணவகத்தின் பின்கட்டு: நோயாளிக்குப் பொட்டலம் வாங்கும் முன்

மாலை ஏழு மணிக்கு மேல் உள்நோயாளர் பிரிவில் நாங்கள் சுற்று வரும்போது, மருந்து வாடையையும் மீறி ஒரு மணம் எதிர்கொள்வது வழக்கம். படுக்கையை அடுத்த சிறு அலமாரியின் மேல் பாலித்தீன் பையில் சிக்கன் ரைஸோ, புரோட்டாவும் சால்னாவுமோ இருக்கும். நாலைந்து நாளாகக் கஞ்சியும் இட்டிலியும் உண்டு சலித்த நோயாளி ஆசையாகக் கேட்டிருப்பார். அல்லது காலை முதல் அலைந்து களைத்த உடனிருப்பவர் தமக்கென வாங்கி வந்திருப்பார். "ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டதும் ரெண்டு வாய் கொடுக்கிறேன் டாக்டர்" என்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியும், பொட்டலம் கட்டப்படுவதற்கு முன்பே கழிந்துவிட்ட பல மணி நேரத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

சங்கரன்கோவிலில் வெளியுணவு புதிதன்று. ஆடித்தபசுக்குக் கூடும் மக்களுக்கும், சந்தைக்கு வருவோருக்கும், தறி வேலை முடித்து இரவில் திரும்புவோருக்கும் உணவளிக்கும் கடைகள் இங்கே எப்போதும் உண்டு. ஊர்ப்பெயரைக் கேட்டதும் பிரியாணியை நினைப்பவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் பெருகியிருப்பவை, அந்தி சாய்ந்ததும் சாலையோரத்தில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் ஃபாஸ்ட் புட் வண்டிகளும், கண்ணாடிக்குப் பின்னால் கோழி சுழலும் கடைகளும் ஆகும். அவற்றை நடத்துவோரைக் குற்றவாளிகளாக்குவது எங்கள் நோக்கமில்லை. அவர்களுள் பலர் எங்களிடமே சிகிச்சைக்கு வருபவர்கள். நாள்தோறும் ஆறு மணி நேரம் நெருப்பின் முன் நின்று பிழைப்பவர்கள். ஆயினும் அத்தொழிலின் அமைப்பிலேயே சில இடர்கள் பொதிந்துள்ளன. அவை வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

அவற்றின் விலை சிறிதன்று. 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் உணவகத்தில் உண்ட பலர் நோயுற்றனர். 10 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். 2022 மே மாதத் தொடக்கத்தில், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலுள்ள செறுவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி இறந்தார். உடன் நோயுற்றவர்களைப் பரிசோதித்தபோது ஷிகெல்லா என்னும் கிருமி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் ஷவர்மா வாங்கி உண்ட குடும்பத்தின் 14 வயதுச் சிறுமி இறந்தாள். அதே கடையில் உண்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கெட்ட உணவு நாறும், புளிக்கும், நூல் விடும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் அறிவு. அது உணவை அழுகச் செய்யும் கிருமிகளுக்குப் பொருந்தும். நோயைத் தரும் கிருமிகளோ பெரும்பாலும் மணத்தையும் சுவையையும் மாற்றுவதில்லை. மூக்கு இங்கே நமக்கு உதவாது.

துரித உணவில் துரிதம் என்பது கடைசி ஐந்து நிமிடம் மட்டுமே. அந்த ஐந்து நிமிடத்தை இயலச் செய்வதற்காகப் பகல் முழுதும் வேலை நடக்கிறது. மதியம் இரண்டு மணிக்குச் சோறு வடிக்கப்படுகிறது. நூடுல்ஸ் வேகவைத்து எண்ணெய் தடவி வைக்கப்படுகிறது. கோழித்துண்டுகள் மசாலா பூசி முக்கால் பதத்துக்குப் பொரித்தெடுக்கப்படுகின்றன. ஆள் வந்து கேட்டதும் இன்னொரு முறை எண்ணெயில் போட்டெடுக்க வசதியாக இருக்கும். முட்டைக்கோசும் வெங்காயமும் குடமிளகாயும் நறுக்கி வாளிகளில் நிரப்பப்படுகின்றன. ஆறு மணிக்கு வண்டி தெருவுக்கு வரும்போது உணவில் பெரும்பகுதி சமைத்து முடிந்து நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். இரவு பத்தரை மணிக்கு வரும் கடைசி வாடிக்கையாளருக்கு அதே சோறு எட்டரை மணி நேரப் பழையது.

கிருமிகள் பெருகுவதற்கு வேண்டியவை ஈரம், சத்து, இளஞ்சூடு, நேரம் ஆகிய நான்கே. ஏறத்தாழ 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அவை பெருகும். நம் உடலின் வெப்பத்தை ஒட்டிய நிலையில், சாதகமான உணவில், பல வகைக் கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. ஒரே ஒரு கிருமி ஒரு மணி நேரத்தில் எட்டாகும். ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்றும், சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் ஒரு மணி நேரமே எல்லை என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அந்த இரண்டாம் கணக்கிலேயே அடங்கும்.

"எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்க மறுபடியும் வதக்கித்தானே தருகிறார்கள், அதில் கிருமி எங்கே இருக்கும்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை சோற்றிலேயே இருக்கிறது. அரிசியில் இயல்பாகவே பேசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போது கிருமி இறந்தாலும் வித்து இறப்பதில்லை. சோறு மெல்ல ஆறும்போது அது முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சு வாணலியின் சூட்டுக்கு அழிவதில்லை. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது தாங்கும். ஆகவே மறுபடி வறுக்கும்போது கிருமி செத்துப்போகும், நஞ்சு தட்டுக்கு வந்து சேரும். உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி தொடங்கும். 1970களில் பிரிட்டனில், முன்கூட்டியே வடித்து வைத்த சோற்றில் செய்த ஃபிரைடு ரைஸ் உண்டோரிடம் இந்நோய் அடையாளம் காணப்பட்டதால், மருத்துவ நூல்களில் இதற்கு ஃபிரைடு ரைஸின் பெயரே நிலைத்துவிட்டது. இதைப் போன்றே வெப்பத்துக்கு அழியாத இன்னொரு நஞ்சை ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி சுரக்கிறது. அதன் இருப்பிடம் மனிதரின் மூக்கும் தோலும்; சமைப்பவரின் விரலில் உள்ள ஒரு சீழ்ப்புண் போதும்.

கோழியைப் பொறுத்தவரை கதை வேறு. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் ஆகிய கிருமிகள் பச்சைக் கோழியில் இருப்பது உலகெங்கும் உள்ளதே. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் அவை இறந்துவிடும். எட்டியதா என்பதே கேள்வி. ஷவர்மாவில் மசாலா தடவிய இறைச்சி செங்குத்தான கம்பியில் அடுக்கடுக்காகக் குத்தப்படுகிறது. நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து படுகிறது. வெளிப்புறத்து அரை அங்குலம் வெந்திருக்கும்போது உள்ளே பச்சையாக, கிருமிகளுக்கு இதமான இளஞ்சூட்டில் இருக்கும். கூட்டமில்லாத வேளையில் பொறுமையாகச் சீவினால் வெந்தது மட்டும் விழும். விடுமுறை நாளின் இரவில் பதினைந்து பேர் நிற்கும்போது கத்தி ஆழமாக இறங்கும். கூட்டம் குறைந்ததும் எரிவாயுவை மிச்சப்படுத்த நெருப்பை அணைத்துவிட்டு, ஆள் வந்ததும் மீண்டும் பற்றவைக்கும் கடைகளும் உண்டு. எங்கள் கருத்தில் அதைவிடப் பெரிய தவறு, இரவில் மீந்த இறைச்சிக் கூம்பைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் ஏற்றுவது. அவ்வளவு பருத்த இறைச்சி நடுவரை குளிர்வதற்கே பல மணி நேரம் ஆகும். மறுநாள் நடுவரை சூடாவதற்கும் அவ்வாறே.

அந்த இறைச்சியுடன் ரொட்டிக்குள் வைக்கப்படும் மயோனைஸ், முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்யப்படுவது. அது அடுப்பேறுவதே இல்லை. சால்மோனெல்லா முட்டையின் ஓட்டில் மட்டுமன்றி உள்ளேயும் இருக்கக்கூடும். எனவேதான் கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தன. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தடை எந்நாள் வரை என்பது அரசு ஆணைக்கு உட்பட்டது. முட்டையின் இயல்பு ஆணைக்கு ஏற்ப மாறுவதில்லை. தொழிற்சாலையில் சூடேற்றிப் பதப்படுத்திய முட்டையிலோ, முட்டையே இல்லாமலோ செய்து அடைத்து விற்கப்படும் மயோனைஸ் இந்த அச்சத்துக்கு உரியதன்று. ஆனால் அதையும் திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் நாள் முழுதும் தொங்கும் அழுத்துக் குப்பியில் இருப்பது எது என்று எங்களாலும் சொல்ல இயலாது.

இனிக் கைகள். ஷிகெல்லா மனிதக் கழிவிலிருந்து வருவது. நோயுண்டாக்க அதில் பத்து முதல் நூறு கிருமிகளே போதும். உணவில் பெருகவேண்டிய தேவைகூட இல்லை. கழிப்பறைக்குச் சென்று சோப்பிட்டுக் கழுவாத கை ரொட்டியைத் தொட்டால் போதும். சாலையோர வண்டியில் வேலை பார்ப்பவருக்கு அருகில் கழிப்பறை எங்கே, குழாய் எங்கே என்பதை ஊர் நிர்வாகமும் எண்ண வேண்டும். முழுப் பழியையும் தொழிலாளி மீது போடுவது நேர்மையாகாது. டைஃபாய்டு வந்து குணமான சிலர், எவ்வித அறிகுறியும் இன்றிப் பித்தப்பையில் கிருமியைச் சுமந்து பல ஆண்டுகள் வாழ்வதுண்டு. நியூயார்க்கில் வீடுகளில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் என்னும் பெண்மணி அத்தகையவர் என 1907இல் கண்டறியப்பட்டது. அவர் தம்மை நோயாளி என்று கடைசிவரை நம்பவில்லை. உணவைக் கையாளுவோர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், டைஃபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுவதற்குக் காரணம் இதுவே.

கையுறையைப் பற்றி ஒரு சொல். பலர் அதைக் கண்டதும் நிம்மதி அடைகிறார்கள். அதே கையுறையால் பச்சைக் கோழியைத் தொட்டு, பணம் வாங்கி, செல்பேசியைத் தடவி, பின் ரொட்டியைச் சுற்றினால், அது கழுவப்படாத கைதான். வேர்வையின் பிசுபிசுப்பை உணராததால் அணிந்தவருக்குக் கழுவும் எண்ணமும் எழுவதில்லை. தட்டின் மேல் விரிக்கும் பாலித்தீன் தாளும் அப்படியே. சூடான உணவைப் பாலித்தீனில் இடுவதே தவறு, அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மிகையான சிவப்பு நிறத்தையும் கறுத்த எண்ணெயையும் விரைந்து கடந்துவிடுகிறோம். அவற்றின் தீங்கு ஓரிரவில் வருவதன்று. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வெண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை முதல் நாட்டின் விதி. கருத்து நுரைக்கும் எண்ணெயைக் கண்டால் கருவியின்றியே முடிவு செய்யலாம்.

பெரிய நிறுவனங்கள் என்றால் அச்சமில்லையா? 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ஜாக் இன் தி பாக்ஸ் என்னும் துரித உணவு நிறுவனத்தின் கிளைகளில் அரைகுறையாக வெந்த மாட்டிறைச்சி ஹாம்பர்கரால் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். ஈ.கோலை கிருமியின் ஒரு கொடிய வகை, குழந்தைகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. இறைச்சியை 68 டிகிரி வரை சூடேற்ற வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலத்தில் விதி இருந்தது. அக்கிளைகளிலோ 60 டிகிரியே கடைப்பிடிக்கப்பட்டது. எட்டு டிகிரி வேறுபாடு. 2024 அக்டோபரில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைகளில் ஈ.கோலையால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, ஐயத்துக்குரியதாகக் கண்டறியப்பட்டது இறைச்சியன்று, பச்சையாக நறுக்கி அனுப்பப்பட்ட வெங்காயம். பெயர்ப்பலகையின் அளவு பாதுகாப்பின் அளவாகாது என்பதற்காக இவற்றைச் சொல்கிறோம்.

நம் பிரியாணிக்கு வருவோம். காலையில் தம் போட்டு, பகல் பன்னிரண்டரைக்கு ஆவி பறக்க அண்டாவைத் திறந்து பரிமாறும் பிரியாணி பாதுகாப்பான உணவுகளுள் ஒன்று என்றே சொல்வோம். இடர் அதன் மிச்சத்தில்தான். பெரிய அண்டாவின் நடுவிலுள்ள இறைச்சி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அங்கே காற்று புகுவதும் குறைவு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்னும் கிருமிக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. சால்னாச் சட்டிக்கும் இது பொருந்தும். இரவு மிச்சத்தோடு மறுநாள் புதுச் சால்னாவைச் சேர்க்கும் பழக்கம் உள்ள இடத்தில் புரோட்டாவைத் தனியே வாங்கிச் சர்க்கரையோடு உண்பது மேல். வீட்டுத் திருமண விருந்தின் மிச்சத்துக்கும் இதே எச்சரிக்கை உரியது.

நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு இவற்றுள் பெரும்பாலானவை ஓரிரு நாள் வயிற்றுப்போக்கோடு தீர்ந்துவிடும். எங்கள் பிரிவில் படுத்திருப்பவர் அந்நிலையில் இல்லை. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர், ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், கல்லீரல் சுருங்கியவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், எழுபதைத் தாண்டிய முதியவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஆகியோருக்கு அதே கிருமி இரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உண்பவர்களுக்கு வயிற்றின் இயற்கைக் காவலும் குறைந்திருக்கும். கருவுற்ற பெண்களுக்கு லிஸ்டீரியா தொற்றினால் தாய்க்கு இலேசான காய்ச்சலே வந்தாலும் கருவுக்கு ஆபத்து நேரும். அக்கிருமி குளிர்பெட்டியிலும் வளரும். இவர்களுக்கு ஷவர்மா, வீட்டு முறை மயோனைஸ், அரை வேக்காட்டு முட்டை, கடையில் நறுக்கி வைத்த பச்சைக் காய்கறி, வெளிப் பனிக்கட்டி கலந்த பழச்சாறு ஆகியவை சிகிச்சைக் காலம் முழுதும் வேண்டா. ஆசைக்கு மறுப்புச் சொல்வது உடனிருப்போருக்கு எளிதன்று என்பதை அறிவோம். மறுக்கும் பொறுப்பை எங்கள் மேல் போட்டுவிடுங்கள். "டாக்டர் கூடாது என்றார்" என்று சொல்வதில் தவறில்லை.

உடனிருப்பவரும் உண்ண வேண்டும், வெளியில்தான் வாங்க வேண்டும். கண்முன் மாவிலிருந்து ஆவிக்குச் செல்லும் இட்டிலி, கல்லில் சுடும் தோசை, கொதிக்கும் சாம்பார் ஆகியவற்றில் நேரம் ஒளிந்திருக்க இடமில்லை. மக்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் கடையில் உணவு தேங்குவதில்லை; ஆகையால் முன்னிரவில் வாங்குவது பின்னிரவில் வாங்குவதைவிட நன்று. பச்சை இறைச்சிக்கும் காய்க்கும் ஒரே பலகை, ஒரே கத்தி இருந்தால் நகர்ந்துவிடுங்கள். மேசையைத் துடைக்கும் துணியின் நிறத்தைப் பாருங்கள். சமையலறைக்குள் நுழையாமலேயே அது பலவற்றைச் சொல்லும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் கடையில் காணும்படி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பொட்டலத்தை வாங்கியவுடன் உண்டுவிடுங்கள். கேரளத்தில் 2023 முதல், பொட்டல உணவின் மேல் அது தயாரான நேரத்தையும் உண்ண வேண்டிய கெடுவையும் ஒட்டித் தரவேண்டும் என விதித்துள்ளனர். நம்மிடம் அத்தகைய சீட்டு இல்லையெனில் பேனாவால் நீங்களே நேரத்தை எழுதிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் கடந்த எதையும் நோயாளிக்குக் கொடுக்க வேண்டா; பிரிவிலுள்ள அலமாரி குளிர்பெட்டியாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் நோய் வந்துவிட்டால், முதல் மருந்து உப்புச்சர்க்கரைக் கரைசலே. பொட்டலத்தில் எழுதியுள்ளவாறு ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்து, வாந்தி இருந்தாலும் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடல்ல. அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைப் பயன்படுத்தலாகாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இன்மை, மயக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்கலாகாது. இரத்தம் கலந்த போக்கை மாத்திரை போட்டு நிறுத்த முயல்வது தீங்கு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சிறுநீர் பிரிவதற்கும் மருந்து உண்பவர்கள், வாந்தியும் போக்கும் உள்ள நாளில் அவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்று எங்களிடம் உடனே கேட்க வேண்டும். நீரிழந்த உடலில் அம்மருந்துகளுள் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலோர் கடைசியாக உண்ட உணவையே குற்றம் சாட்டுகிறார்கள். வாந்தி இரண்டு மணி நேரத்தில் வந்தால் அது சரியாக இருக்கலாம். சால்மோனெல்லா ஆறு மணி முதல் மூன்று நாள் வரையும், ஷிகெல்லா ஓரிரு நாளும், கேம்பைலோபாக்டர் ஐந்து நாள் வரையும் எடுத்துக்கொள்ளும். எனவே ஐந்து நாளில் எங்கெங்கே எதை எப்போது உண்டீர்கள், உடன் உண்டவர்களுள் யாருக்கு என்ன ஆயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். மீந்த உணவு இருந்தால் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் விற்றவருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையையும், இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீட்டையும் வகுத்துள்ளது. ஆனால் மாதிரி இல்லாமல் எதுவும் நிலைநாட்டப்படுவதில்லை. புகாரைத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்னும் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் அனுப்பலாம். ஒரே கடையில் உண்ட இருவர் எங்களிடம் வந்தாலே நாங்களும் துறைக்குத் தெரிவிப்போம். அன்றிரவு அங்கே உண்ணவிருக்கும் மூன்றாமவரை அவ்வாறுதான் தடுக்க முடியும்.